பெரோவ்ஸ்கைட் பேனல் வர்ற வரைக்கும் பொறுக்கலாமா, இல்ல இப்பவே மாடியில சோலார் போட்டுரலாமா?

கோவில்பட்டி_கடலைமிட்டாய்

எல்லாருக்கும் வணக்கம். கோவில்பட்டி பக்கம் வீடு, மாடி முழுக்க சும்மாதான் கெடக்கு, வத்தல் காயப்போடுறதத் தவிர வேற ஒண்ணுத்துக்கும் ஆகல. கோடையில ரெண்டு ஏசியும் ஓடுனா ஈபி பில்லப் பாத்து கண்ணக் கட்டுது, அதனால 3 கிலோவாட் சோலார் போட்டுரலாம்னு ரெண்டு மூணு எடத்துல கொட்டேஷன் வாங்கி வச்சிருக்கேன். மத்திய அரசோட சூர்ய கர் திட்டத்துல 78,000 ரூவா மானியமும் இருக்கு.

இப்ப பிரச்சனை என் மச்சான். தெனம் காலையில வாட்ஸப்ல ஒரு நியூஸ் அனுப்புதான். சீனாக்காரன் வெயில்ல 34 சதவீதத்தக் கரண்டா மாத்திட்டான், பெரோவ்ஸ்கைட்னு ஒரு புதுப் பொருள் வந்துருச்சு, விலையும் பாதிதான், இப்பப் போயி சிலிக்கான் பேனல் போடுறவன் ஏமாளின்னு. அம்மாவும் "அவன் படிச்சவன், சொன்னா சரியாத்தான் இருக்கும், ரெண்டு வருசம் பொறு"ங்காங்க. இந்த ஆராய்ச்சியெல்லாம் நெசமாவே நம்ம மாடிக்கு வர எவ்ளோ நாளாகும்? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சும்மா_வாசகன்

மச்சான் வீட்டு மாடியில என்ன போட்டுருக்காரு, மொதல்ல அதக் கேளுங்க :)

கோவில்பட்டி_கடலைமிட்டாய்

அவன் அபார்ட்மெண்ட்ல வாடகைக்கு இருக்கான் பாஸ். மாடியே கெடையாது.

ஒளித்துகள்

நான் இந்த ஃபீல்டுலதான் பிஎச்டி பண்ணிட்டு இருக்கேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

உங்க மச்சான் அனுப்புற நியூஸ்ல அந்த 34 சதவீதம் பொய் இல்ல. சீனாவோட லாங்கி கம்பெனி 2024 ஜூன்ல 34.6% காட்டுனாங்க, 2025 ஏப்ரல்ல 34.85%. ரெண்டுமே சிலிக்கான் மேல பெரோவ்ஸ்கைட் படிய வச்ச டாண்டம் செல், அதாவது ரெண்டு அடுக்கு செல். ஆனா ரெக்கார்டுக்குன்னு செய்யுற இந்த மாதிரி செல்லெல்லாம் பொதுவா ஒரு சதுர சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும், அது வாட்ஸப்ல வராது. உங்க மாடியில ஏறப்போற பேனல் ஒண்ணே 2.6 சதுர மீட்டர் கிட்ட. அந்த சின்ன துண்டுல பண்றத இவ்ளோ பெரிய பரப்புல ஒரு ஓட்டை, ஒரு திட்டு இல்லாம பூசி எடுக்கணும், அதுலதான் பாதிப் பேர் தலைமுடி நரைச்சுக்கிட்டு இருக்கு.

எதுக்கு ரெண்டு அடுக்கு? சிலிக்கான்ல ஒரு எலக்ட்ரான விடுவிக்கத் தேவையான சக்தி, அதான் பேண்ட்கேப், சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட். அதவிடக் கம்மி சக்தி உள்ள போட்டான், அதாவது ஒளியோட துகள், ஒண்ணும் பண்ணாம ஊடுருவிப் போயிரும். அதவிட அதிகமா இருந்தா 1.1ஐ மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சம் சூடாப் போயிரும். நீல வெளிச்சத்துல ஒரு போட்டான்ல 2.7 இருக்கும், அதுல பாதிக்கு மேல வேஸ்ட். 1961ல ஷாக்லி, குவைசர்னு ரெண்டு விஞ்ஞானிங்க இதத்தான் கணக்குப் போட்டு, ஒத்தை அடுக்கு செல் எதுவா இருந்தாலும் ஒரு எல்லைக்கு மேல போகாதுன்னு சொல்லிட்டாங்க, இப்பத்திய கணக்குல அது 33 சதவீதத்த ஒட்டி. சிலிக்கானுக்கு மட்டும் தனியாப் பாத்தா 29.4%. லேப்ல இப்பவே 27ஐத் தாண்டியாச்சு, அப்ப இன்னும் போக எவ்ளோ எடம் மிச்சம் இருக்குன்னு பாருங்க, அதான் எல்லாரும் மேல இன்னொரு அடுக்கத் தேடி ஓடுறாங்க. மேல ஒரு சல்லடை, கீழ ஒரு சல்லடைன்னு வச்சுக்கோங்க. பெரோவ்ஸ்கைட் மேல உக்காந்து நீலம், பச்சையிலருந்து சிவப்பு வரைக்கும் பெரும்பாலும் புடிச்சுக்கும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு கீழ சிலிக்கானுக்குப் போயிரும்.

பெரோவ்ஸ்கைட்டோட அழகு என்னன்னா அயோடினும் புரோமினும் கலக்குற விகிதத்த மாத்துனா பேண்ட்கேப்பும் நாம கேக்குற எடத்துக்கு வரும். டாண்டமுக்கு 1.68 சுத்தி வேணும், புரோமின் கொஞ்சம் கூட்டுனா கெடைச்சிரும். சிலிக்கான் செய்ய 1400 டிகிரிக்கு மேல உருக்கணும், இது 100, 150 டிகிரி சூட்டுலயே படிஞ்சிரும். 2009ல யோகோஹாமா டோயின் யுனிவர்சிட்டில மியாசாகா டீம் மொதல்ல செஞ்சப்ப 3.8%தான், அதுவும் திரவ எலக்ட்ரோலைட் வச்சு, கொஞ்ச நேரத்துலயே கரைஞ்சு போச்சு. 2012ல ஆக்ஸ்ஃபோர்டு ஸ்னெய்த் குரூப்பும் கொரியாவுல பார்க் குரூப்பும் திடநிலைக்கு மாத்தி 10 சதவீதத்த ஒட்டி வந்தாங்க. அங்கருந்து ஓட்டந்தான். சிலிக்கான் 1954ல பெல் லேப்ல 6 சதவீதத்துல ஆரம்பிச்சு 25ஐத் தொட நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு, இது அந்தத் தூரத்தப் பத்துப் பன்னெண்டு வருசத்துல தாண்டிருச்சு. அதனாலதான் இவ்ளோ சத்தம்.

இப்ப கெட்ட செய்தி. இதே பொருள் வெயில், ஈரம், சூடு மூணுக்கும் பயப்படும். புரோமின் கூட்டுனோம்ல, வெளிச்சம் பட்டா அயோடின் ஒரு பக்கமும் புரோமின் ஒரு பக்கமும் பிரிஞ்சு போகும். அயனிங்க உள்ளுக்குள்ளயே நடமாடும். இருட்டுல வச்சா கொஞ்சம் கொஞ்சமா திரும்பச் சேரும், மறுநாள் வெளிச்சத்துல மறுபடி பிரியும். சோலார் செல்லுக்கு வெளிச்சம் ஆகாதுன்னா அதவிடக் கூத்து உண்டா.

சும்மா_வாசகன்

இத மொத மொதல்ல புரியுற மாதிரி எழுதுன புண்ணியவான் நீங்கதான். அப்ப கடையில வாங்குற மாதிரி பெரோவ்ஸ்கைட் பேனல் எங்கயுமே இல்லையா?

ஒளித்துகள்

இருக்கு. ஆக்ஸ்ஃபோர்டு பிவி கம்பெனிக்கு ஜெர்மனியில பிராண்டன்பர்க்ல ஃபேக்டரி, 2024 செப்டம்பர்ல மொத கமர்ஷியல் பேனல அமெரிக்காவுக்கு அனுப்பிட்டாங்க, அதோட எஃபிஷியன்சி 24.5%. ஜப்பான்ல செகிசுய் கெமிக்கல் வளையுற ஃபிலிமா பண்றாங்க, ஒசாகா எக்ஸ்போ 2025ல பஸ் டெர்மினல் கூரையில நீளமா ஒட்டி வச்சிருந்தாங்க. ஜப்பானுக்கு இதுல ஒரு தனி ஆசை. உலகத்துல அயோடின் எடுக்குறதுல சிலிக்கு அடுத்து அவங்கதான், சிபா பக்கம் நிலத்தடி உப்புநீர்லருந்து எடுக்குறாங்க. சிலிக்கான் சங்கிலி முழுக்க சீனா கையில இருக்கு, ஒவ்வொரு கட்டத்துலயும் 80 சதவீதத்துக்கு மேல, அங்க போட்டி போட முடியாது, இதுலயாவது சொந்தக் கச்சாப்பொருள் இருக்கேன்னு.

நம்மூர்ல ஐஐடி பாம்பேல இருக்குற என்சிபிஆர்இங்கிற சோலார் ஆராய்ச்சி மையத்து ஆளுங்க நாலு முனை டாண்டம்ல 30 சதவீதத்துக்குக் கிட்ட வந்துருக்காங்க. நாலு முனைன்னா மேல் செல்லுக்கும் கீழ் செல்லுக்கும் தனித்தனி வயர், ஒண்ணு மக்கர் பண்ணாலும் இன்னொண்ணு அது பாட்டுக்கு ஓடும். வயரிங் செலவு கூடும்தான், ஆனா நம்ம க்ளைமேட்டுக்கு எனக்கென்னமோ அதுதான் சரின்னு படுது. சீனியர்கள் ஒத்துக்க மாட்டாங்க.

கணக்குப்புள்ள

ஆராய்ச்சிய விடுங்க, நான் ரூவா கணக்கு சொல்றேன்.

நம்ம பக்கம் ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு சராசரி 4 யூனிட்னு வச்சா 3 கிலோவாட் வருசத்துக்கு 4,300 யூனிட் சுமாரா. யூனிட்டுக்கு 6 ரூவான்னு வச்சாக்கூட 25,000 ரூவாய்க்கு மேல. ரெண்டு வருசம் பொறுத்தா 50,000 போச்சு.

பொறுத்ததுக்கு என்ன கெடைக்கும்? இன்னைக்கு நல்ல டாப்கான் பேனல் (இப்ப கடையில வர்ற சிலிக்கான் வகை) 22.5%, அந்த 2.6 சதுர மீட்டர் சைஸுல 580 வாட். அண்ணன் சொன்ன 24.5% பேனல் அதே சைஸுல வந்தா 630 வாட். பேனலுக்கு 50 வாட். ஆறு பேனல் போட்டா 300 வாட், ஒரு நாளைக்கு 1.2 யூனிட். ஏழு ரூவா. அதுக்காடா பொறுக்கச் சொன்னன்னு மச்சான்ட்ட கேளுங்க.

எஃபிஷியன்சிங்கிறது எடம் பத்தாதவனுக்குத்தான் பிரச்சனை. சென்னையில அரை கிரவுண்டு வீட்டுல தண்ணி டேங்க் டிஷ் எல்லாம் போக மிஞ்சின எடத்துல போடுறவனுக்கு அது முக்கியம். உங்களுக்கு மாடி காலியாக் கெடக்கு, பத்தலன்னா இன்னொரு பேனல் சேத்துப் போடுங்க, முடிஞ்சது சோலி.

அப்புறம் இன்னொண்ணு, மானியம் வேணும்னா டிசிஆர் பேனல்தான் போடணும், அதாவது செல்லே இந்தியாவுல செஞ்சதா இருக்கணும். நாளைக்கே ஜெர்மனிக்காரன் கப்பல்ல ஏத்தி விட்டாலும் அந்த 78,000 உங்களுக்குக் கெடைக்காது.

மாடிவேலை

தம்பி, நான் திருநெல்வேலி, தூத்துக்குடி சைடுல சோலார் மாட்டிக்குடுக்குற ஆளு. லேப் கதை எல்லாம் அவங்க சொல்லிட்டாங்க, மாடிக் கதைய நான் சொல்றேன்.

மொதல்ல சூடு. பேனல் பின்னாடி ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல போட்டுருக்குற வாட்டு எல்லாம் செல் 25 டிகிரில இருக்கும்போது அளந்தது. மே மாசம் மதியம் கோவில்பட்டி மொட்டை மாடியில டெம்பரேச்சர் கன்ன பேனல் முதுகுல புடிச்சா 60, 65 காட்டும். பெர்க்ங்கிற பழைய சிலிக்கான் வகைப் பேனல்னா டிகிரிக்கு 0.35% கொறையும், டாப்கான்னா 0.30 சுத்தி. 37 டிகிரி கூடுனா பெர்க்ல 13%, டாப்கான்ல 11% காத்துல போச்சு. அதனால கொட்டேஷன்ல எஃபிஷியன்சிய மட்டும் பாக்காதீங்க, டெம்பரேச்சர் கோ-எஃபிஷியண்ட்னு டேட்டா ஷீட்ல ஒரு வரி இருக்கும், அதக் கேட்டு வாங்குங்க. கேட்டா பாதி சேல்ஸ்மேன் முழிப்பான். பேனலுக்கும் தளத்துக்கும் நடுவுல காத்து போக எடம் விட்டு ஸ்ட்ரக்சரத் தூக்கி போடச் சொல்லுங்க, ஆள் குனிஞ்சு போற உசரம் இருந்தா வத்தலும் காயப்போட்டுக்கலாம்.

ரெண்டாவது மைக்ரோ கிராக். இதுதான் யாருக்கும் தெரியாம நடக்குற கொலை. செல்லு ஒவ்வொண்ணும் முடிய விட கொஞ்சம் தடிமன்தான். மாட்டுற பசங்க பேனல் மேல ஏறி நடப்பாங்க, தலையில வச்சு படியில தூக்கிட்டுப் போவாங்க, கண்ணாடி ஒடையாது, வெளிய ஒண்ணும் தெரியாது, ஓனரும் கையெழுத்துப் போட்டுருவாரு. ஒரு தடவ வேற ஒரு கம்பெனிக்காரன் மாட்டிட்டுப் போன சிஸ்டம் யூனிட் கொறையுதுன்னு கூப்ட்டாங்க. ராத்திரி இருட்டுல பேனலுக்கு நாமளே கரண்ட உள்ள குடுத்து ஈஎல் கேமரால பாத்தா செல் எல்லாம் வெளிறி மின்னும், ஒடஞ்ச எடம் மட்டும் கறுப்பா நிக்கும். அந்தப் பேனல்ல கறுப்புக் கோடு வரிசையா போயிருந்துச்சு, பூட்ஸ் கால் வச்ச எடம் வச்ச எடமா. பகல்ல பாத்தா புதுப் பேனல் கணக்கா பளபளன்னு இருக்கு.

ஐஐடி பாம்பே ஆளுங்க 2013லருந்து நாடு முழுக்க சுத்தி பழைய பேனல் எப்படித் தேயுதுன்னு சர்வே எடுத்தாங்க, 2014, 2016, 2018லயும் போனாங்க. வெயில் ஊர்ல தேய்மானம் ஜாஸ்தி, தரையில போட்டதவிட மாடியில போட்டது சீக்கிரம் கெட்டுப்போகுது, சின்ன சிஸ்டம் பெருசவிட மோசம்னு வந்துச்சு. அவ்ளோ பெரிய ரிப்போர்ட் படிச்சுத்தான் தெரியணும்னு இல்ல, மாட்டுறவன் கை சரியில்லன்னா எந்த நாட்டு ரெக்கார்டும் நம்மள காப்பாத்தாது. என்னக் கேட்டா பெரோவ்ஸ்கைட்ட விட இந்த ஆராய்ச்சிதான் உங்க மாடிக்கு ஒதவுற ஆராய்ச்சி, அதுக்குத்தான் பேப்பர்ல ஒரு வரி வர மாட்டேங்குது.

ஒளித்துகள்

@மாடிவேலை அண்ணே, நூத்துக்கு நூறு. எங்க ஆளுங்க பேப்பர்ல "1000 மணி நேரம் தாங்குச்சு"ன்னு பெருமையா போடுவாங்க. அது 85 டிகிரி, 85% ஈரப்பதம்னு ஒரு பெட்டிக்குள்ள வச்சுப் பாக்குற டேம்ப் ஹீட் டெஸ்ட், ஐஈசி 61215ங்கிற பேனல் தர விதியில வருது. 1000 மணி நேரம்னா நாப்பத்திரெண்டு நாள் கூட ஆகல. சிலிக்கானுக்கு அந்த டெஸ்ட் போதும்னு சொல்லலாம், ஏன்னா அது எப்படி எப்படிக் கெடும்னு நாப்பது வருச வெளி அனுபவம் கையில இருக்கு. பெரோவ்ஸ்கைட்டுக்கு அந்த அனுபவம் இன்னும் சேரல. பகல்ல பிரிஞ்சு ராத்திரி சேர்ற பொருளுக்கு, இருட்டுப் பெட்டிக்குள்ள வச்சு எடுக்குற டெஸ்ட் என்னத்தச் சொல்லும்? வெளிச்சம், சூடு, இருட்டு மூணும் மாறி மாறிக் குடுத்துப் பாக்கணும்னு இப்பத்தான் எல்லாரும் ஒத்து வர்றாங்க.

கோவில்பட்டி_கடலைமிட்டாய்

தூசி பத்தியும் ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. எங்க பக்கம் கரிசல் மண்ணு, தீப்பெட்டி ஆபீஸ் வேற, ஆடிக்காத்துக்கு வீட்டுக்குள்ளயே மண்ணு.

மாடிவேலை

ஆடிக்கு மட்டும் இல்ல, தை மாசிலயும் பனியோட தூசி சேந்து பசை மாதிரி ஒட்டும், அதுதான் கழுவக் கஷ்டம். ஐஐடி காந்திநகர் மாடியில சில வாரம் கழுவாம விட்டுட்டு கழுவுனப்ப உற்பத்தி 50 சதவீதம் கூடிச்சுன்னு 2017ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. அது குஜராத் தூசி, நம்ம பக்கம் அவ்ளோ போகாது, ஆனா கழுவாம விட்டா பில்லுல தெரியும்.

போர் தண்ணியில கழுவாதீங்க. உங்க ஊர் உப்புத்தண்ணி காஞ்சா கண்ணாடி மேல வெள்ளைப் படலம் ஏறும், அப்புறம் அத எடுக்க ஆசிட்தான், ஆசிட் ஊத்துனா கண்ணாடி மேல இருக்குற கோட்டிங் போயிரும். மழைத்தண்ணி புடிச்சு வச்சு விடியக்காலையில சூடேறதுக்கு முன்னாடி கழுவுங்க. கமுதியில அதானியோட 648 மெகாவாட் இருக்குல்ல, 25 லட்சம் பேனல், அங்க ரோபோதான் தொடைக்குது. ராமநாதபுரத்துல குடிக்கவே தண்ணி இல்ல, பேனல் கழுவ எங்க போவான்.

ஒளித்துகள்

இதுலயும் ஒரு நல்ல ஆராய்ச்சி இருக்கு. எம்ஐடில கிருபா வாராணசி குரூப் 2022ல காட்டுனது, பேனலுக்கு மேல ஒரு எலக்ட்ரோடு நகந்து போகும், தூசி மின்னூட்டம் வாங்கிக்கிட்டு தானா துள்ளி விழுந்துரும், ஒரு சொட்டு தண்ணி வேண்டாம். காத்துல கொஞ்சமாவது ஈரம் இருந்தாத்தான் தூசி அந்த மின்னூட்டத்த வாங்கும், காலையில பாலைவனத்துலயே அந்த ஈரம் இருக்கும்ங்கிறாங்க. வீட்டுக்கு வர்ற விசயம் இல்ல, பெரிய பிளாண்டுக்கு.

பழைய_பாய்லர்

அனல் மின் நிலையத்தில் காலம் முழுக்கக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். தம்பிகள் எல்லாரும் பேனல் பேனல் என்றே பேசுகிறீர்கள், சூரிய வெப்பத்தைப் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லை. ஸ்பெயினில் செவில் பக்கத்தில் ஹெமாசோலார் என்று 19.9 மெகாவாட் நிலையம், 2011ல் வந்தது. கோபுரத்தைச் சுற்றிக் கண்ணாடிகள், உச்சியில் உருகிய உப்பு. சோடியம் நைட்ரேட் அறுபது, பொட்டாசியம் நைட்ரேட் நாற்பது. 290 டிகிரியில் மேலே போய் 565 டிகிரியில் இறங்கும், அதைத் தொட்டியில் வைத்துக்கொண்டு 15 மணி நேரம் வரை ராத்திரியிலும் டர்பைனைச் சுற்றலாம். பாட்டரி வேண்டாம், சீனா வேண்டாம். நம் ஊரில் தெரிந்த பாய்லர், தெரிந்த டர்பைன். இதை ஏன் விட்டோம்?

ஒளித்துகள்

ஐயா, விடல, முயற்சி பண்ணிப் பாத்தோம். 2010ல தேசிய சோலார் மிஷன் மொத கட்டத்துலயே 470 மெகாவாட் வெப்ப மின்சாரத்துக்கு ஏழு ப்ராஜக்ட் குடுத்தாங்க, ராஜஸ்தான் தூர்சர்ல 125 மெகாவாட், நோக்ல 50, அனந்தபூர்ல 50ன்னு சிலதுதான் முடிஞ்சுது. கண்ணாடி வச்சு குவிக்கணும்னா வெயில் நேரா வரணும், நம்ம ஆகாசத்துல தூசியும் புகையும் அத சிதறடிச்சிருது. சிதறுன வெளிச்சத்துலயும் பேனல் ஓடும், குவிக்கிற கண்ணாடி ஓடாது. கணக்குல போட்ட நேர்வெயில் சைட்டுல கெடைக்கல.

அதுக்குள்ள பேனல் விலை அதல பாதாளத்துக்குப் போயிருச்சு. 1970கள்ல வாட்டுக்கு இன்றைய மதிப்புல நூறு டாலர் கிட்ட, இப்ப கால் டாலருக்கும் கீழ. அமெரிக்காவுல கிரெசெண்ட் டியூன்ஸ்னு உப்புத் தொட்டி பிளாண்ட் 2015ல ஆரம்பிச்சு மறு வருசமே தொட்டி ஒழுகி மாசக்கணக்குல படுத்துருச்சு.

ஆனா ஒரு எடத்துல உங்க பக்கம் நான். மின்சாரமாக்காம சூடாவே எடுத்துக்கிட்டா கணக்கு வேற. ஆரோவில் சோலார் கிச்சன் மாடியில 15 மீட்டர் குறுக்களவுல ஒரு கிண்ணம், ஆவி எடுத்து நூத்துக்கணக்கான பேருக்கு சமைக்கிறாங்க. ஷீர்டி கோயில்லயும் டிஷ் வச்சு சமையல் நடக்குது. திருப்பூர் சாயப்பட்டறைக்கும் பால் டெப்போவுக்கும் வேண்டியது கொதிதண்ணியும் ஆவியும்தான், அதுக்கு எதுக்கு மின்சாரத்துக்கு மாத்தி மறுபடி ஹீட்டர்ல விடணும்? இதுல பேப்பர் போட்டா பெரிய ஜர்னல்ல ஏறாது, அதனால எங்காளுங்க தொட மாட்டாங்க. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு.

பழைய_பாய்லர்

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். ராத்திரிக்கு என்ன வழி என்பதை நீங்கள் சொல்லவே இல்லை.

யாழ்_வெயில்

ஐயா கேட்ட கேள்விதான் எங்களுக்கும். நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட பிரச்சினை இப்ப பேனல் இல்லை, கிறிட், அதாவது மின்சாரம் கொண்டுபோற வலையமைப்பு. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின் நிலையத்தில குரங்கு ஒண்டு பாய்ஞ்சு முழு இலங்கையும் இருட்டாப் போச்சு. எல்லாரும் குரங்கைச் சொல்லிச் சிரிச்சினம். ஆனா உள்ளுக்க விசயம் வேற. ஞாயிறு மத்தியானம் பாவனை குறைவு, கூரை சோலார் நிறைய ஓடிக்கொண்டு இருந்தது, சுத்துற டர்பைன் குறைவு. ஒரு இடத்தில அடிபட்டா அந்தப் பாரமான சில்லு சுத்துற வேகத்திலதான் கிறிட் ஒரு சில செக்கன் தாக்குப் பிடிக்கும். சோலாரில சுத்த ஒண்டுமில்லை. பிறகு சித்திரை வருசப்பிறப்பு நேரம், ஏப்ரல் 13 தொடக்கம் 21 வரைக்கும், பின்னேரம் 3 மணி வரை கூரை சோலாரை நிப்பாட்டி வையுங்கோ எண்டு மின்சார சபை கேட்டது. காசு குடுத்துப் போட்டுட்டு நல்ல வெயிலில நிப்பாட்டி வைக்கிறது எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

அதால நான் கேக்கிறது, 34 சதவீதம் 35 சதவீதம் எண்டு ஓடுறவை, பேனல் மின்சாரத்தை வீட்டுக்கும் கிறிட்டுக்கும் ஏத்த மாதிரி மாத்துற இன்வேட்டரைப் பற்றி ஏன் கதைக்கினம் இல்லை?

ஒளித்துகள்

நீங்க தொட்டது சரியான எடம். இப்ப வீடுகள்ல இருக்குற சோலார் இன்வர்ட்டர் பெரும்பாலும் கிரிட் எப்படி ஆடுதோ அது பின்னாடியே ஆடுற டைப். கிரிட் நின்னா இதுவும் நின்னுரும். தானே வோல்டேஜையும் ஃப்ரீக்வென்சியையும் நிறுத்திப் புடிக்கிற கிரிட் ஃபார்மிங் இன்வர்ட்டர்லதான் இப்ப பெரிய ஆராய்ச்சி நடக்குது. தென் ஆஸ்திரேலியாவுல ஹார்ன்ஸ்டேல் பேட்டரி 2017ல போட்டது, 2022ல சாஃப்ட்வேர மாத்தி சுத்துற டர்பைன் குடுக்குற அந்தத் தாக்குப்பிடிக்கிற பலத்த அதுவே போலியா உண்டாக்கி கிரிட்டுக்குக் குடுக்குற மாதிரி பண்ணிட்டாங்க. உங்க தீவு அளவுக்கு ரெண்டு மூணு எடத்துல அப்படி வச்சாலே பெரிய விசயம்.

பழைய_பாய்லர்

பாட்டரி மட்டுமா? வால்பாறைக்குக் கீழே கடம்பாறையில் 1980களிலேயே 400 மெகாவாட் நீரேற்று நிலையம் வைத்தோம். அன்றைக்கு ராத்திரியில் மிஞ்சிய மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றிக் காலையிலும் மாலையிலும் இறக்கினோம். இனி மத்தியானம் ஏற்றி ராத்திரி இறக்க வேண்டும், கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டியதுதான். அதே பம்பு, அதே மலை.

கணக்குப்புள்ள

ஐயா இது செம பாயிண்ட்.

சரி, யாரும் கேக்காத கேள்விய நான் கேக்குறேன். பெரோவ்ஸ்கைட்ல ஈயம் இருக்குங்கிறாங்க. இருபத்தஞ்சு வருசம் கழிச்சு இத்தன கோடி பேனலும் குப்பைக்கு வரும்போது யார் தலையில கட்டுவாங்க? வெள்ளி வேற எகிறிக்கிட்டு போகுது, உலக வெள்ளித் தேவையில ஆறுல ஒரு பங்கு சோலாருக்கே போகுதாம், கொலுசு வாங்கப் போனா நகைக்கடைக்காரர் சோலாரத் திட்டுறாரு.

ஒளித்துகள்

ஈயம் உண்மை. அந்தப் படலம் ஒரு மில்லிமீட்டர்ல ரெண்டாயிரத்துல ஒரு பங்கு தடிமன்தான், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராமுக்கும் கீழ. சிலிக்கான் பேனல்லயும் சாலிடர்ல ஈயம் இருக்கு. ஆனா அளவக் காட்டித் தப்பிக்க முடியாது, ஏன்னா பெரோவ்ஸ்கைட்ல இருக்குற ஈயம் தண்ணில கரையும், சாலிடர் அவ்ளோ லேசுல கரையாது. கண்ணாடி ஒடைஞ்சு மழை பெஞ்சா ஈயம் வெளிய போகாமப் புடிச்சு வைக்கிற படலம் பத்தி வேலை நடக்குது. ஈயத்துக்குப் பதில் வெள்ளீயம் வச்சுப் பாத்தா காத்து பட்டதும் ஆக்ஸிடைஸ் ஆகி இன்னும் சீக்கிரமா சாகுது.

ரீசைக்கிள்ல ஃபர்ஸ்ட் சோலார் கொஞ்சம் முன்னாடி இருக்காங்க, நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்துல 2024 ஜனவரில 3.3 கிகாவாட் ஃபேக்டரி தொறந்தாங்கல்ல, அவங்கதான். அவங்க பேனல் சிலிக்கான் இல்ல, காட்மியம் டெல்லுரைடு, காட்மியமும் விஷந்தான், ஈயக் கதைக்கு அண்ணன் கதை, ஆனா பழைய பேனல திரும்ப எடுத்து 90 சதவீதத்துக்கு மேல பிரிச்சு எடுக்குறாங்க. சிலிக்கான் பேனல்ல எடையில முக்கால்வாசி கண்ணாடிதான், அதுக்கு விலை இல்ல, வெள்ளிக்குத்தான் விலை, அது மொத்தமே சில கிராம். அத எடுக்குற செலவு வர்ற காசத் தின்னுருது. அதான் எவனும் தொடல. இந்தியாவுல 2022 மின்கழிவு விதியில சோலார் பேனலயும் சேத்துட்டாங்க, இனி செஞ்சவன்தான் பொறுப்பு, பேப்பர்ல. வெள்ளிக்குப் பதில் தாமிரம் போடுற ஆராய்ச்சி ஓடுது. தாமிரம் சிலிக்கானுக்குள்ள ஊடுருவினா செல்லையே கெடுத்துரும், நடுவுல நிக்கல் தடுப்பு போட்டுப் பாக்குறாங்க.

சும்மா_வாசகன்

நகைக்கடைக்காரர்ட்ட இதச் சொல்லிட்டு வர்றேன்.

கோவில்பட்டி_கடலைமிட்டாய்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இழை முழுக்க அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன், ஏழு ரூவா கணக்குல சிரிச்சுட்டாங்க. போடுறதுன்னு முடிவு. மச்சான் இன்னும் பேசல.

ஒரே ஒரு சந்தேகம். மேற்குப் பக்கம் பக்கத்து வீட்டு தென்னை ஒண்ணு இருக்கு, நாலு மணிக்கு மேல மாடியில ஓரமா நெழல் விழும். கொட்டேஷன் குடுத்தவர் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்"ங்காரு. சரியா?

மாடிவேலை

ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றவன்ட்ட போடாதீங்க.

பேனலுக்குள்ள செல்லெல்லாம் வரிசையா ஒண்ணு பின்னாடி ஒண்ணு கோத்துருக்கும். ஒரு செல் மேல மட்டும் நெழல் விழுந்தா அந்த வரிசையில கரண்ட் போகவே வழி இல்ல. அதுக்காகத்தான் பின்னாடி பெட்டிக்குள்ள மூணு பைபாஸ் டையோடு வச்சிருப்பான், நெழல் விழுந்த பகுதிய ஒதுக்கிட்டு மத்தது ஓடும். இப்ப வர்றது எல்லாம் பாதியா வெட்டுன ஹாஃப் கட் செல், மேல் பாதி தனி, கீழ் பாதி தனி. அதனால பேனல நட்டுக்க வைக்கிறதா படுக்க வைக்கிறதான்னு நெழல் எந்தப் பக்கமிருந்து ஏறுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணணும். நெழல் கீழ ஓரத்துலருந்து ஏறுனா ஒரு பாதி மட்டும் சாகும், மேல் பாதி ஓடும். பக்கவாட்டுல விழுந்தா ரெண்டு பாதியிலயும் நெழல் பட்ட வரிசை போயிரும்.

நீங்க செய்ய வேண்டியது, மார்கழில ஒரு நாள், பங்குனில ஒரு நாள், மூணு மணிலருந்து அரை மணிக்கொரு தடவ மாடியில சாக்பீஸ்ல நெழல் ஓரத்தக் கோடு போட்டு போட்டோ எடுத்துக்கோங்க. மார்கழி நெழல்தான் நீளம், ரெண்டு நாள் கோட்டையும் தாண்டி பேனல் வச்சீங்கன்னா பெரும்பாலும் கவலை இல்ல. எடம் பத்தலன்னா அந்த ஓரத்துப் பேனல் ரெண்டுக்கு மட்டும் ஆப்டிமைசர் (நெழல் பட்ட பேனல் மத்தத இழுக்காமப் பாத்துக்குற சின்னக் கருவி) போடச் சொல்லுங்க, எல்லாத்துக்கும் போடுறேன்னு சொன்னா வேண்டாம்னுருங்க. போட்டோவ இங்க போடுங்க, பாத்துட்டு சொல்றேன். மழைக்கு முன்னாடி எர்த் பிட் எங்க தோண்டுறாங்கன்னும் கேட்டு வைங்க, கரிசல் மண்ணு காஞ்சா வெடிச்சு எர்த் விட்டுரும்.